நூல் பிடித்த நிலம்: கொழும்பில் வாகனத் தரிப்பிடக் கோடுகளின் வரலாறு

கொழும்பு நகரத்தின் நிலத்தைப் பிரித்த கோடுகளுள் காலத்தால் முந்தியவை கண்ணுக்குத் தெரியாதவை. அவை நில அளவையாளரின் காகிதத்தில் மட்டுமே இருந்தன. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் தோம்பு எனப்படும் காணிப் பதிவேடுகளைத் தொகுத்தபோதும், அவர்களுக்குப் பின் வந்த பிரித்தானியர் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தை நிறுவியபோதும், எந்தக் காணி யாருடையது, அது எங்கே முடிகிறது என்பதை அரசு எழுதியும் கீறியும் வைத்துக்கொண்டதே அன்றித் தெருவில் நடப்பவர் அந்தக் கோட்டைக் காணவில்லை. இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் தரைத்தளத்தில், குடியிருப்பாளர்கள் தாமே நூல் கட்டி உருளையால் பெயின்ட் தேய்த்து இடுகின்ற தரிப்பிடக் கோடு, அதாவது ஒரு வாகனம் நிற்பதற்கென ஒதுக்கப்பட்ட நீள்சதுரத்தின் எல்லைக்கோடு, பார்வைக்கு வீதியின் வெள்ளைக் கோட்டை ஒத்திருப்பதால் அதன் வழிவந்தது என்றே எவரும் கருதுவர். ஆயினும் அதன் வேர்களைத் தேடிச் செல்பவர் வீதிச் சட்டத்தைவிடக் காணிச் சட்டத்தையும், பொலிஸாரின் கட்டளையைவிட மேசனின் நூலையுமே அதிகமாகச் சந்திக்க நேர்கிறது.

பிரித்தானிய நில அளவையாளர் கையாண்ட கருவி 100 கண்ணிகளும் 66 அடி நீளமும் கொண்ட சங்கிலியாகும். அதன் கால் பங்கான பதினாறரை அடி ஒரு பேர்ச் எனப்பட்டது. அந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம், அதாவது 272.25 சதுர அடி, காணியின் பரப்பை அளக்கும் பேர்ச்சஸ் என்ற அலகாயிற்று. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். நாடு மெற்றிக் முறைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் கொழும்பில் காணி வாங்குபவரும் விற்பவரும் தரகரும் பேர்ச்சஸ் கணக்கிலேயே பேசுகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியவர்களும், ஊரில் பொதுவாக 10 பேர்ச்சஸ் கொண்ட பரப்புக் கணக்கில் காணியை நினைத்துப் பழகியிருந்தும், இங்கு வந்ததும் இந்த அலகுக்குள் தம் மனக்கணக்கை மாற்றிக்கொண்டனர். இந்த அலகு பின்னர் வாகனத் தரிப்பிடத்தின் கதையிலும் தலைகாட்டும்.

காகிதத்தில் கிடந்த கோட்டைத் தெருவுக்கு அருகே கொண்டுவந்தது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டமாகும். 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய கொழும்பு மாநகர சபைக்கு இச்சட்டம் வீதிக்கோடு என்ற ஒன்றைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தந்தது. இன்றைய வீதியின் விளிம்பு எதுவாக இருப்பினும், நாளை அவ்வீதி எவ்வளவு அகலப்பட வேண்டும் என்று சபை கருதுகிறதோ அந்த எல்லையே வீதிக்கோடு; அதற்கு உட்பட்ட நிலம் சொந்தக்காரரின் உறுதியில் இருந்தாலும் அதில் அவர் புதிதாகக் கட்டடம் எழுப்ப இயலாது. கொழும்பில் காணி கைமாறும்போது சட்டத்தரணிகள் இன்றும் மாநகர சபையிடமிருந்து வீதிக்கோடு பற்றிய சான்றிதழைப் பெற்றே மேற்செல்கின்றனர்.

இக்கோட்டின் விளைவை மிகத் தெளிவாகக் காண வேண்டுமாயின் கொட்டாஞ்சேனைக்குச் செல்ல வேண்டும். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் ஒல்லாந்தத் தேவாலயத்தின் மேட்டைச் சுற்றியும், ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி ஆகிய பகுதிகளிலும் தெருக்கள் மனிதரும் மாட்டு வண்டில்களும் செல்வதற்கென வளர்ந்தவை; வீட்டுச் சுவரும் கடைப் படியும் தெருவைத் தொட்டுக்கொண்டே நின்றன. சபை காகிதத்தில் அகலப்படுத்திய தெரு நிலத்தில் அகலப்படுவதற்குப் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மீளக் கட்டப்பட வேண்டியிருந்தது. சில இடிக்கப்பட்டன, பல அப்படியே நின்றன. ஆகவே இன்று ஒரே தெருவில் ஒரு கட்டடம் பின்வாங்கியும் அடுத்தது முன்தள்ளியும் நிற்பதைக் காணலாம். பின்வாங்கிய கட்டடத்தின் முன்னே தோன்றிய அந்தச் சிறு ஒதுக்கிலேதான் லொறியும் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் இடம் பிடிக்கின்றன. எவரும் திட்டமிடாமலே, வீதியை அகலப்படுத்தவென்று கீறிய கோடு கொட்டாஞ்சேனைக்கு அதன் முதல் வாகனத் தரிப்பிடங்களை ஈந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

மோட்டார் வாகனத்துக்கு முன்பும் வண்டிகள் நின்றே ஆக வேண்டியிருந்தன. மாட்டு வண்டில்களுக்கும், 1880களில் கொழும்புக்கு வந்து பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்களால் இழுக்கப்பட்ட ரிக்‌ஷாக்களுக்கும் நகரில் நிலையங்கள் இருந்தன. ஆனால் நிற்கும் இடம் என்பது ஒரு மூலை, ஒரு மரத்தடி, ஒரு கிணற்றடி என்ற அளவில் வழக்கத்தால் அறியப்பட்டதே அன்றி அளந்து பிரிக்கப்பட்டதன்று. தெருவின் மேற்பரப்பில் வாகனத்தின் பாதையை முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்தவை ட்ராம் தண்டவாளங்களாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவுஸ்டெட் நிறுவனத்தார் தொடங்கிய மின்சார ட்ராம் சேவை கோட்டையிலிருந்து ஒருபுறம் பொரளைக்கும், மறுபுறம் கொட்டாஞ்சேனையின் அயலிலுள்ள கிராண்ட்பாஸுக்கும் ஓடியது. 1944இல் அதை மாநகர சபை பொறுப்பேற்றது. 1960இல் அது நின்றுபோயிற்று. தண்டவாளத்தின் மீது வண்டிலை நிறுத்தியவருக்கு, எந்தப் பொலிஸ்காரரும் விளக்காமலே, நிற்கக்கூடிய இடத்துக்கும் கூடாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு மணியோசையுடன் விளங்கியது.

பெயின்ட்டால் இடும் கோடு இலங்கைக்கு வெளியே பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் மாவட்ட வீதிச் சபையைச் சேர்ந்த எட்வேர்ட் ஹைன்ஸ் 1911இல் வீதியின் நடுவே கோடு இடுவித்தார். கலிபோர்னியாவின் இந்தியோ என்னும் ஊரருகே, எதிரே வந்த லொறியால் வீதியை விட்டு ஒதுக்கப்பட்ட ஜூன் மக்கரோல் என்ற பெண் மருத்துவர், வீதிக்கு நடுக்கோடு வேண்டுமென்று அதிகாரிகளிடம் கேட்டும் அவர்கள் அசையாததால், 1917இல் தூரிகையை எடுத்துத் தாமே நான்கு அங்குல அகலத்தில் வெள்ளைக் கோடு இட்டார். கலிபோர்னிய அரசு அம்முறையை ஏற்றுக்கொண்டது 1924இலேயே. யார் முந்தியவர் என்ற வழக்கு அமெரிக்கருக்கு இன்னும் தீரவில்லை. கொழும்பின் வரலாற்றை எழுதுபவருக்கு அவ்வழக்கைவிட முக்கியமானது, கோட்டின் தொடக்கத்திலேயே அரசு அலுவலர் ஒருவரும், அரசுக்காகக் காத்திராத குடிமகள் ஒருத்தியும் அருகருகே நிற்கின்றனர் என்பதாகும். தரிப்பிடத்தை நீள்சதுரங்களாகப் பிரிக்கும் பழக்கம் பரவுவதற்கு 1935ஆம் ஆண்டு ஜூலையில் ஒக்லஹோமா நகரில் நாட்டப்பட்ட முதல் தரிப்பு மீற்றர்கள் பெரிதும் உதவின. காசு வாங்க வேண்டுமாயின் எவ்வளவு இடத்துக்கு வாங்குகிறோம் என்பதைக் காட்டியாக வேண்டும் அல்லவா.

இலங்கையில் 1904இலேயே மோட்டார் வாகனச் சொந்தக்காரரின் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. எனினும் வீதிக் குறியீடுகள் பொதுமக்களின் வாழ்வில் இடம்பெற்றது, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் ஆட்சி நிலைபெற்ற பின்னரே. பாதசாரிக் கடவை இங்கு நெடுங்காலம் மஞ்சள் நிறத்தில் இடப்பட்டதால், அது வெள்ளையாக மாறிய பின்னும் கொழும்புத் தமிழர் அதை மஞ்சள் கோடு என்றே அழைக்கின்றனர். வெள்ளவத்தையில் காலி வீதியின் கோடுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு விடுமுறையும் உண்டு: ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கோயில்களை நோக்கி வேல் வரும்போது வீதியை எந்தப் பெயின்ட்டும் பிரிப்பதில்லை.

வீதியோரத் தரிப்பிடத்தின் வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அது பெரும்பாலும் கட்டணத்தின் வரலாறே. மாநகர சபை வீதியோரத்தில் கட்டணம் அறவிடும் உரிமையைக் கேள்விப்பத்திர முறையில், அதாவது விலை கோரி அதிகம் தருபவருக்கு அளிக்கும் முறையில், ஒப்பந்தகாரருக்குக் கொடுத்துவந்தது. பற்றுச்சீட்டுக் கட்டுடன் நிற்கும் ஆளே பெரும்பாலும் கோட்டின் வேலையையும் செய்தார், கையசைவினாலும் கண்ணளவினாலும் ஒரு காருக்குப் பின் ஒரு காரை ஒட்டி நிறுத்துவித்தார். பிற்காலத்தில் காலி வீதி போன்ற இடங்களில் இயந்திர மீற்றர்கள் வந்தபோது கோடும் திருத்தமாக வந்தது. போர்க்காலத்தில் நிலைமை வேறு. 1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கியைத் தகர்த்தது வெடிமருந்து ஏற்றிய ஒரு லொறி. அதன் பின் ஆளில்லாமல் நிற்கும் வாகனம் எதுவாயினும் அது அச்சத்துக்குரியதாயிற்று, பல வீதிகளில் நிறுத்தவே தடை வந்தது. தன் வாகனம் தன் மதிலுக்குள், தன் இலக்கமிட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்ற விருப்பத்தில், குறிப்பாகச் சோதனைகளுக்கு அடிக்கடி உள்ளான தமிழ்க் குடும்பங்களிடையே, இந்த ஆண்டுகளின் பங்கைப் புறக்கணிக்க இயலாது.

அந்த விருப்பத்துக்கு உருவம் தந்தவை வெள்ளவத்தையின் தொடர்மாடிகள். காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே இறங்கும் ஒழுங்கைகளில், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், முன்னே தோட்டமும் பக்கத்தில் ஒரு கார் கொட்டகையும் கொண்ட வீடுகள் இருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு கார் அல்லது காரே இல்லை என்ற நிலையில் எல்லைக்கோட்டுக்குத் தேவை எழவில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்முறையில் இப்பகுதியின் வீடுகளும் கடைகளும் எரிந்தன; பலர் நாட்டை விட்டுச் சென்றனர். ஆயினும் போர் நீடித்தபோது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் மீண்டும் இங்கேயே குவிந்தனர். வெளிநாட்டு உறவினரின் பணமும் வந்தது. தோட்ட வீடுகள் இடிக்கப்பட்டு அதே காணியில் ஐந்தும் எட்டும் பத்தும் மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இருபது குடும்பங்கள் வந்தன. இருபது குடும்பங்களின் வாகனங்களுக்கும் இருந்தது அந்தப் பழைய தோட்டத்தின் பரப்பு மட்டுமே.

இத்தகைய கட்டடத்தின் உரிமையை ஒழுங்குபடுத்துவது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களுமாகும். இச்சட்டத்தின் கீழ் நில அளவையாளர் ஒருவர் கட்டடம் முழுவதற்கும் வரைபடம் தயாரிக்கிறார். அதில் ஒவ்வொரு வீடும் தனி அலகாகவும், படிக்கட்டு, மின்தூக்கி, நுழைவழி போன்றவை எல்லாருக்கும் உரிய பொதுக்கூறுகளாகவும் குறிக்கப்படுகின்றன. வீட்டுச் சொந்தக்காரர் அனைவரும் சேர்ந்த அமைப்பு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் எனப்படுகிறது. தரிப்பிடம் இதில் இரண்டு வகையாக அமையலாம். ஒன்று, வீட்டோடு சேர்ந்து உறுதியிலேயே எழுதப்படும் துணை அலகு. மற்றது, பொதுக்கூறாக இருந்து கூட்டுத்தாபனத்தின் ஏற்பாட்டினால் பயன்படுத்தப்படும் இடம். முதலாவது வகையில் தரையிலுள்ள பெயின்ட் கோடு ஒரு காணி எல்லை. இரண்டாவதில் அது ஓர் உடன்பாடு. இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே அகலத்தில், ஒரே தளத்தில் பக்கம் பக்கமாக இருக்கக்கூடும் என்பதால் சச்சரவுகளுக்குக் குறைவில்லை.

ஒரு தரிப்பிடத்தின் அளவைத் தீர்மானித்தது நகர அபிவிருத்தி அதிகார சபையாகும். 1978இல் சட்டத்தால் நிறுவப்பட்ட இச்சபை 1986இல் வெளியிட்ட திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கொண்ட இடத்தை வகுத்தன. இதன் பரப்பு 11.52 சதுர மீற்றர். ஒரு பேர்ச்சஸோ 25.29 சதுர மீற்றர். அதாவது கொழும்பில் தங்கத்தைப் போல் விலை பேசப்படும் ஒரு பேர்ச்சஸ் நிலத்தில் இரண்டு கார்களை நிறுத்தலாம், ஆனால் அவை வெளியே வருவதற்கு வழி இராது. வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கே ஏறத்தாழ ஒரு பேர்ச்சஸ் போய்விடும். வெள்ளவத்தையில் ஒரு தரிப்பிடம் வீட்டின் விலையில் கணிசமான பங்கைப் பெறுவதும், கோடு ஒரு சாண் நகர்ந்தால் உறவு முறிவதும் இந்தக் கணக்கினால்தான்.

வாகனங்களும் மாறின. 1950களிலும் 60களிலும் கொழும்பில் ஓடிய மொரிஸ் மைனர் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அகலமே கொண்டது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் யப்பானிய வாகனங்கள் பெருகின. அவற்றுள் அந்நாட்டின் சிறு கார் விதிக்கு உட்பட்டவை 1.48 மீற்றருக்கு மேல் அகலம் பெறாதவை, ஆகவே 2.4 மீற்றர் இடத்தில் கதவைத் திறந்து இறங்கத் தாராளமாக இடம் விடுபவை. அதே இடத்தில் ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமுள்ள பெரிய ஜீப் வகை வாகனம் நின்றால் இரு பக்கமும் சேர்த்து அரை மீற்றரே மிஞ்சும். ஒழுங்குவிதி இரண்டையும் ஒரே கார் என்று எண்ணுகிறது. அடுத்த இடத்துக்காரர் அவ்வாறு எண்ணுவதில்லை.

கட்டுமானக்காரர் இட்ட முதல் கோடு சில ஆண்டுகளில் டயரின் உராய்விலும் கழுவும் நீரிலும் கடற்காற்றின் உப்பிலும் தேய்ந்துபோகிறது. வீதிகளில் இன்று இடப்படுவது வெப்பத்தால் இளகும் பிளாஸ்டிக் கலவை. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி ஊற்றி, இரவில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதற்காக அதன்மேல் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுவர். பத்துக் கார் நிற்கும் தரைத்தளத்துக்கு அந்த இயந்திரத்தை வரவழைப்பது கட்டுபடியாகாது. ஆகவே கூட்டுத்தாபனத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற ஒருவரும் காவலாளியும் சேர்ந்து, ஹாட்வெயார் கடையில் 4 லீற்றர்த் தகரம் ஒன்றை வாங்கித் தாமே செய்துகொள்வது இவ்வகை வேலைக்குப் பொருத்தமான வழியாகிறது. நூறு மில்லிமீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கொண்ட பதினொரு கோடுகள் ஐந்தேகால் சதுர மீற்றரையே மூடுவதால், இரண்டு பூச்சுக்கும் அத்தகரத்தில் பாதி போதும். வீதிப் பெயின்ட் வகைகளுள் நெடுங்காலம் புழங்கிய ஒன்று குளோரினேற்றிய இறப்பரைப் பிணைபொருளாகக் கொண்டது. இறப்பர் மரம் பயிரிட்டு வாழ்ந்த நாட்டில் அப்பொருள் தகரத்தில் அடைபட்டுத் திரும்பி வந்ததை வணிக வரலாற்றின் சிறு வேடிக்கையாகக் குறிக்கலாம்.

வேலையின் உயிர் பெயின்ட்டில் இல்லை, நூலில் இருக்கிறது. கொழும்பில் மேசனையும் தச்சனையும் பாஸ் என்று அழைப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற வழக்கு. ஆனால் பாஸின் கையிலுள்ள நூல் ஒல்லாந்தருக்கு மிக முந்தியது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனை ஒன்றை எழுப்புமுன் நண்பகலில் நட்ட கோல்களின் நிழலால் திசை கண்டு, துறை அறிந்தோர் கயிறு இட்டு நிலத்தை வகுத்த முறையைக் கூறுகிறது. வேள்வி மேடை அமைப்பதற்கான வடமொழிச் சுல்ப சூத்திரங்கள் கயிற்றைக் கொண்டே செங்கோணம் காணும் வழிகளை விதிக்கின்றன. வெள்ளவத்தைத் தரைத்தளத்தில் நடப்பதும் அதுவே. முதலில் எல்லாக் கோடுகளுக்கும் தாயான அடிக்கோடு ஒன்று பின்சுவருக்கு இணையாக, சுவரை நம்பாமல், தூண்களின் முகத்தை ஆதாரமாகக் கொண்டு நூலால் பிடிக்கப்படுகிறது. பழைய சுவர்கள் நேராக இருப்பது அரிது. அடிக்கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து 3 அடி ஒருபுறமும், அதற்குக் குறுக்கே 4 அடியும் அளந்து, அவ்விரு முனைகளுக்கும் இடையே சரியாக 5 அடி வரும்வரை குறுக்கு நூலை நகர்த்தினால் மூலைமட்டம் கிடைக்கும். இடம் பெரிதாயின் 6, 8, 10 என்று இரட்டிப்பது நல்லது, ஏனெனில் சிறிய முக்கோணத்தில் கண்டுபிடிக்க முடியாத பிழை நீண்ட கோட்டின் முனையில் கையளவாகிவிடும். நீள்சதுரம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்ப்பது சோதனை; 2.4க்கு 4.8 ஆயின் இரண்டுமே 5 மீற்றர் 37 சென்ரிமீற்றர் அளவில் ஒத்திருக்க வேண்டும்.

அளவு நாடாவை ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் புதிதாக வைத்து அளப்பது பழக்கமில்லாதவர் செய்யும் முதற் பிழை. ஒவ்வொரு முறையும் ஒரு சென்ரிமீற்றர் தவறினால் பத்தாவது தரிப்பிடம் பத்துச் சென்ரிமீற்றர் தூணுக்குள் போய்விடும். ஆகவே நாடாவை ஒரே முனையில் பிடித்துக்கொண்டு 2.4, 4.8, 7.2 என்று தொடர்ச்சியாகக் குறி இடுவதே பாஸ்மாரின் வழக்கம். கட்டடக் கலைஞரும் இதே கணக்கையே மனத்திற் கொண்டு தூண்களை நடுகிறார்: 30 சென்ரிமீற்றர்த் தூண்களை நடுவுக்கு நடு 7.5 மீற்றர் இடைவெளியில் நிறுத்தினால் இடையே 7.2 மீற்றர் கிடைக்கும், மூன்று கார்கள் சரியாக நிற்கும். காணி ஒடுங்கியதால் தூண்கள் நெருங்கிய கட்டடங்களில் இந்தக் கணக்கு முறிகிறது. அங்கே சரிவாகக் கோடிடும் முறை கைகொடுக்கும், ஆனால் 45 பாகைச் சரிவில் 2.4 மீற்றர் அகலமுள்ள ஓர் இடம் நடைவழியின் நெடுகே ஏறத்தாழ 3.4 மீற்றரை விழுங்கும் என்பதால் எண்ணிக்கை குறையும்.

குறிகள் முடிந்த பின் நூலடித்தல். தச்சர் மரத்தை அறுக்குமுன் செய்வதைப் போலவே, காவியோ நீலத் தூளோ தோய்த்த நூலை இரு முனையிலும் இறுக்கிப் பிடித்து, நடுவில் செங்குத்தாக உயர்த்தி விடும்போது அது தரையில் ஒரே வீச்சில் கோட்டைப் பதிக்கிறது. சற்றே பக்கவாட்டில் இழுத்து விட்டாலும் கோடு வில்லாக வளையும். நீண்ட தூரத்துக்கு நடுவில் ஒருவர் விரலால் நூலை அழுத்திக்கொள்ள, இரு பாதிகளையும் தனித்தனியே அடிப்பர். அதன் இரு மருங்கும் ஒட்டுநாடா ஒட்டிப் பெயின்ட் தேய்த்து, அது முழுதும் காயுமுன் நாடாவை உரித்தால் விளிம்பு கூராக நிற்கும். புதிய கொங்கிறீற்றாயின் குறைந்தது 28 நாள் உலர விட வேண்டும். பழையதாயின் எஞ்சின் எண்ணெய்க் கறையைச் சவர்க்காரத் தூளால் தேய்த்து நீக்க வேண்டும், இல்லையெனில் பெயின்ட் அங்கேயே முதலில் உரியும். மழைக்குத் திறந்த முற்றமாயின் தென்மேற்குப் பருவமழையையும் ஒக்ரோபர், நவம்பர் மாத இடிமழையையும் தவிர்த்து, தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட வறண்ட வாரங்களில் வேலையை வைப்பது வழக்கம்.

இவ்வளவு செய்த பின்னும் ஒரு நுண்ணிய சிக்கல் எஞ்சுகிறது. வரைபடத்தில் உள்ள கோட்டுக்கு அகலம் இல்லை. பெயின்ட்டுக்கு 100 மில்லிமீற்றர் அகலம் உண்டு. 2.4 மீற்றரைக் கோட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் இரு அயலவரும் ஆளுக்கு 5 சென்ரிமீற்றரைப் பெயின்ட்டுக்குக் கொடுக்கின்றனர். உள்விளிம்பிலிருந்து அளந்தால் பத்தாவது காருக்கு ஒரு மீற்றர் குறைகிறது. கிளித்தட்டு விளையாடி வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்குக் கோட்டின்மேல் நிற்பவனுக்கும் கோட்டைத் தாண்டியவனுக்கும் உள்ள வேறுபாடு சிறு வயதிலேயே தெரியும். அந்த ஆட்டத்தில் கோடே காவல்காரனின் இருப்பிடம். தொடர்மாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவ்வாதம் மீண்டும் எழும்போது, அளவுக்கான நடைமுறை நடுவிலிருந்து நடுவுக்கே என்று எழுதி வைத்துக்கொண்ட கூட்டுத்தாபனங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

கொட்டாஞ்சேனையில் இந்த முறை முழுதும் வேர்கொள்ளவில்லை, அதற்குக் காரணமும் உண்டு. துறைமுகத்துக்கு அண்மையில் இருப்பதால் லொறிகளும் கைவண்டில்களும் நாள் முழுதும் வந்து சரக்கிறக்கிப் போகின்றன. சென் லூசியாஸ் பேராலயமும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் திருவிழா நாட்களில் ஈர்க்கும் வாகனங்களுக்கு எந்த நிலையான கோடும் போதாது. அந்நாட்களில் கயிறும் தடுப்பும் தொண்டர்களின் விசிலுமே எல்லை. மேலும் இங்கு தரிப்பிடம் பெரும்பாலும் பொது வீதியில் இருக்கிறது. பொது வீதியில் கோடிடும் உரிமை மாநகர சபைக்கும், காலி வீதி போன்ற தேசிய வீதிகளில் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குமே உரியது. கடை முன்னால் தனியார் இட்ட கோட்டுக்குச் சட்டப் பெறுமதி இல்லை. ஆகவே கடைக்காரர் பெயின்ட்டுக்குப் பதிலாகப் பழைய டயர், சிமெந்து நிரப்பிய வாளி, உடைந்த கதிரை, கையால் எழுதிய தடைப் பலகை ஆகியவற்றை நம்புகின்றனர். இவை காலையில் வெளிவந்து இரவில் உள்ளே போகும் கோடுகள். பொலிஸார் கேட்டால் உடனே நகர்த்தலாம் என்பதே அவற்றின் சிறப்பு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்ட இடைக்காலத்தில் தரைத்தளங்களில் கோட்டை மீள இடும் அவசரம் தணிந்திருந்தது. இப்போது அது திரும்பியுள்ளது. பழைய 2.4 மீற்றர் இடங்களைச் சற்று அகலப்படுத்தி எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கலாமா, மோட்டார் சைக்கிளுக்கும் மின்சாரக் கார் ஏற்றுமுனைக்கும் ஒரு மூலையை ஒதுக்கலாமா என்பன இன்றைய கேள்விகள். பொதுக்கூறாக உள்ள இடத்தில் கூட்டுத்தாபனத்தின் தீர்மானம் போதும். கரும் பெயின்ட்டால் பழைய கோட்டை மூடிவிட்டு நூலை வேறிடத்தில் அடிக்கலாம். உறுதியில் எழுதப்பட்ட துணை அலகாயின், தேய்ந்த கோட்டின் மேல் அதே இடத்தில் புதிய பூச்சு இடுவதற்கு மட்டுமே குடியிருப்பாளருக்கு உரிமை உண்டு. அதை ஒரு விரல் அகலம் நகர்த்த வேண்டுமாயினும், உரிய சொந்தக்காரர்கள் சம்மதித்து, நில அளவையாளர் திருத்திய வரைபடத்தைத் தயாரித்து, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும்.